மூன்றாவது படி

அந்தக் கல்லூரியில் கணினியின் உட்புறத்தைப் படிப்பதற்கென்றே ஓர் ஆய்வகம் இருந்தது. மாணவர்கள் கணினியைத் தொடக்கூடாது என்பது அதன் முதல் விதி.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். நடுவில் ஒரு கண்ணாடி அலமாரி. அதற்குள், உடைந்த கணினி ஒன்றிலிருந்து எடுத்த பச்சைப் பலகையைப் படுக்க வைத்திருந்தார்கள். அலமாரியிலிருந்து இரண்டடி தள்ளித் தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு இப்புறம் நின்று பலகையைப் பார்த்து வரைய வேண்டும். சோதனை ஒன்று: செயலியைப் பார்த்தல். சோதனை இரண்டு: நினைவகத்தைப் பார்த்தல். சோதனை மூன்று: முதல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தல். சுவரோரம் முப்பது பெட்டிகளில் பயிற்சிக் கருவிகள் பிரிக்கப்படாமல் அடுக்கியிருந்தன. ஒன்பது ஆண்டுகளில் ஒரு கருவி கூடப் பழுதாகவில்லை. துறையின் ஆண்டறிக்கையில் இது சாதனைகள் என்ற தலைப்பின் கீழ் வந்திருந்தது.

இரண்டாம் ஆண்டில் இந்த ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தவள் ஃபியூஸ். வீட்டில் வைத்த பெயர் வேறு. முதலாம் ஆண்டு இயற்பியல் ஆய்வகத்தில் அவள் ஒரு கம்பியை இடம் மாற்றிச் செருக, கட்டடம் முழுக்க மின்சாரம் போனது. அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர். அவள் அப்பா ஒரு லிஃப்ட் மெக்கானிக். கேள்விப்பட்டு அவர் கோபப்படவில்லை. "எந்தக் கம்பியை எங்க சொருகினே, சொல்லு" என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார்.

பாடத்துக்குப் புத்தகம் கிடையாது. துறைத் தலைவர் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிய குறிப்புகளை நீல அட்டை போட்டுக் கொடுப்பார்கள். அது தன்னாட்சிக் கல்லூரி. கேள்வித்தாளை அவர்களே தயாரித்து அவர்களே திருத்துவார்கள் என்று அதற்கு அர்த்தம். ஆகவே நீலப் புத்தகத்தில் இல்லாதது எதுவும் உலகத்தில் இல்லை.

கணினி ஒரு கட்டளையை எப்படி நிறைவேற்றுகிறது என்பது அதில் முக்கியமான பாடம். உலகத்தின் மற்ற இடங்களில் இதை ஐந்து படிகளாகச் சொல்லித்தருகிறார்கள். கட்டளையை எடுத்து வருவது, அது என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்வது, சொன்னதைச் செய்வது, தேவையானால் நினைவகத்தைத் தொடுவது, விடையை எழுதி வைப்பது. நீலப் புத்தகத்தில் ஆறு படிகள் இருந்தன. இரண்டாவது படி, கட்டளையைப் புரிந்துகொள்ளுதல். மூன்றாவது படியும் கட்டளையைப் புரிந்துகொள்ளுதல்.

ஃபியூஸ் வகுப்பில் எழுந்து நின்றாள்.

"சார், ஏன் ரெண்டு தடவை புரிஞ்சுக்கணும்?"

துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு தடவை சொன்னா உனக்குப் புரியுதா?"

"சில சமயம் புரியாது சார்."

"உனக்கே புரியல. மெஷினுக்கு மட்டும் எப்படிம்மா ஒரே தடவையில புரியும்? உட்காரு."

வகுப்பு சிரித்தது. அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ஆனால் விஷயம் மண்டைக்குள் உட்காரவில்லை. அடுத்த வாரம் நூலகத்தில், கழித்துக்கட்ட ஒதுக்கிய தாள்களுக்கு நடுவே, நீலப் புத்தகத்தின் மூலப்பிரதி அவள் கையில் அகப்பட்டது. தட்டச்சு செய்து துறைத் தலைவரே கையெழுத்திட்ட பிரதி. அதில் ஐந்து படிகள்தான் இருந்தன. நாற்பத்தாறாம் பக்கத்தின் கடைசி வரி, கட்டளையைப் புரிந்துகொள்ளுதல். நாற்பத்தேழாம் பக்கத்தின் முதல் வரி, செய்தல். என்றோ ஜெராக்ஸ் எடுத்தவர் தாளைச் சற்று நகர்த்தி வைத்ததில், நாற்பத்தாறின் கடைசி வரி நாற்பத்தேழின் தலையிலும் விழுந்திருக்கிறது. பிறகு கணினியில் ஏற்றியவர் ஒரே எண் இரண்டு முறை வருவதைக் கண்டு, பொறுப்பாக, எண்களை மட்டும் திருத்தியிருக்கிறார். அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் மூன்றாவது படியின் அவசியத்தைப் பற்றி மூன்று பத்திகள் சேர்ந்திருந்தன. அவை துறைத் தலைவரே எழுதியவை.

அவள் மூலப்பிரதியைச் சின்ன சாரிடம் கொண்டுபோனாள்.

துறைத் தலைவரைப் பெரிய சார் என்றும், ஒப்பந்தத்தில் இருந்த விரிவுரையாளரைச் சின்ன சார் என்றும் மாணவர்கள் சொல்வது வழக்கம். சின்ன சாருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அதே கல்லூரியில், அதே நீலப் புத்தகத்தைப் படித்துத் தேறியவர். ஏழு வருடமாக ஒவ்வோர் ஆண்டும் ஒப்பந்தம் புதுப்பிக்கிறார்கள். கேள்வி கேட்டால் கைக்கடிகாரத்தைப் பார்க்காத ஆசிரியர் அவர் ஒருவர்தான். ஒரு நாள் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு பயிற்சிக் கருவியின் பெட்டியைப் பின்பக்கமாகப் பிரித்து, ஃபியூஸின் கையில் கறுப்பு மின்னணுச் சில்லு ஒன்றைக் கொடுத்து, "கால்களை எண்ணு" என்று சொன்னவரும் அவர்தான். அவள் பதினாறு என்றாள். "இந்தத் துறையிலயே ஒரு சில்லோட காலை எண்ணின முதல் ஆள் நீதான்" என்றார்.

அவர் இரண்டு பக்கங்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் சத்தமில்லாமல் சிரித்தார்.

"நான் படிக்கறப்பவே நெனச்சேன். கேக்க தைரியம் வரல."

"இப்ப பெரிய சார்கிட்ட காட்டலாமா சார்?"

"பேப்பரை வெச்சு வாதம் பண்ணாத. பேப்பர்ல அவங்க நம்மள விட கில்லாடிங்க. நீ ஒரு மெஷினைக் கட்டு. சின்னதா, அஞ்சே படி. ஓடற மெஷின் முன்னாடி யாரும் எதுவும் பேச முடியாது."

அன்று அவள் வீட்டுக்குப் போன வேகத்தில் பேருந்தில் சீட்டு வாங்க மறந்துவிட்டாள்.

நான்கு மாதம் ஆனது. சாப்பாட்டு மேஜை மெஷினுக்குப் போனது. அப்பா, அம்மா, மகள் மூவரும் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள். அம்மா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்த்தாள். யாராவது வந்தால் மேஜை மேல் போர்வையைப் போட்டு, "மேல துணி காயுது" என்பாள். அப்பா பழைய லிஃப்ட் பெட்டிகளிலிருந்து எடுத்த ஒல்லிக் கம்பிகளைக் கொண்டுவந்து, பத்துப் பத்தாகச் சேர்த்து நூலால் முடிந்து கொடுத்தார். எந்த வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று ஆணையிடும் பகுதிதான் அவளைப் பாடாய்ப்படுத்தியது. அதை அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிடித்துவிட்டார்.

"இது லிஃப்ட்தான் பாப்பா. கதவு மூடிச்சான்னு தெரியாம மோட்டார் கிளம்பக் கூடாது. நீ மூடறதுக்கு முன்னாடியே கிளப்பி விடறே."

அது உண்மைதான். இரண்டு கம்பிகளை மாற்றினாள். மெஷின் ஓடியது. ஐந்து சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்து அணைந்தன, ஒரு படிக்கு ஒரு விளக்கு. ஆறையும் ஒன்பதையும் கொடுத்துப் பெருக்கச் சொன்னாள். மெஷினுக்குப் பெருக்கத் தெரியாது; ஆறை ஒன்பது முறை கூட்டியது. கடைசியில் ஐம்பத்துநான்கு என்று காட்டியது. அப்பா அதற்குள் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்துவிட்டார். "ஆறொம்பது அம்பத்திநாலு. சரியாத்தான் சொல்லுது" என்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று, "இன்னொரு தடவை ஓடச் சொல்லு" என்றாள். அந்த வீட்டில் அவ்வளவு சந்தோஷமான ஒரு காலை வேளை முன்பு வந்ததில்லை.

மெஷினைக் கல்லூரிக்குக் கொண்டுபோன நாளில் துறைத் தலைவர் அதைச் சுற்றி வந்தார். விளக்குகளை எண்ணினார்.

"அஞ்சுதான் இருக்கு."

"ஆமா சார்."

"இன்னொண்ணு எங்க?"

"அது இல்லாமலே சரியா ஓடுது சார்." மூலப்பிரதியை எடுத்துக் காட்டினாள். "முதல்ல நீங்களும் அஞ்சுன்னுதான் எழுதியிருக்கீங்க."

துறைத் தலைவர் தன் கையெழுத்தைப் பரிவோடு பார்த்தார். "அது பழைய பதிப்பும்மா. துறை வளர்ந்துகிட்டே இருக்கு."

விஷயம் ஒரு குழுவுக்குப் போனது. படிநிலை ஆய்வுக் குழு என்று அதற்குப் பெயர். ஐந்து பேர். அவர்களில் துறைத் தலைவரும் சின்ன சாரும் கணினி தெரிந்தவர்கள். பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காக மற்ற மூவரையும் கணினி தெரியாதவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஃபியூஸ் மெஷினை ஓட்டிக் காட்டினாள். ஐம்பத்துநான்கு வந்தது. உறுப்பினர்கள் தலையசைத்து, அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

துறைத் தலைவர் பேசினார். "விடை சரியா வந்திருக்கு, மறுக்கல. ஆனா சரியான விடைக்குத் தப்பான வழியில வர்றதுதான் இன்னிக்கு இளைஞர்கள்கிட்ட இருக்கற பெரிய பிரச்சினை. இருபத்திரண்டு வருஷமா ஆயிரக்கணக்கான பேர் ஆறு படி எழுதிப் பாஸ் பண்ணியிருக்காங்க. ஆறு தப்புன்னா அவங்கெல்லாம் எப்படிப் பாஸ் பண்ணாங்க? கேள்வி தயாரிக்கறது நான். விடைக்குறிப்பு தயாரிக்கறதும் நான். இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட ரெண்டுக்கும் முரண்பாடு வந்ததில்ல. இதுக்கு மேல ஒரு ஆதாரம் என்னால கொடுக்க முடியாது."

மூவரில் ஒருவர், "அதானே" என்றார். பிறகு சின்ன சாரின் கருத்தைக் கேட்டார்கள்.

ஃபியூஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். சின்ன சார் எழுந்து மெஷினைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மூணாவது படி இல்லாம இந்த மெஷின் ஓடுது. அதை நானும் பார்த்தேன். ஆனா கல்வி நோக்கில பார்த்தா, இதை ஓடறதுன்னு எடுத்துக்க முடியுமாங்கறது யோசிக்க வேண்டிய விஷயம்."

 குழு ஒருமனதாக முடிவு செய்தது. மெஷினில் மூன்றாவது படி சேர்க்கப்பட வேண்டும். அதன் பிறகே செய்முறை மதிப்பெண்.

வராந்தாவில் சின்ன சார் அவள் பின்னால் வேகமாக வந்தார்.

"கோபமா இருப்பே, தெரியும். அங்க அப்படித்தான் பேச முடியும். ஒரு பல்பு தானேம்மா? நடுவுல ஒரு பல்பு போட்டுடு. உள்ள எதையும் மாத்தாத. ஃபைனல் பேப்பரை நான்தான் திருத்தப் போறேன். அதுல நீ உண்மையை எழுது. அஞ்சுன்னு எழுது, காரணத்தோட எழுது. நான் பார்த்துக்கறேன்."

"நிச்சயமா சார்?"

"என்னை நம்பும்மா."

வீட்டில் அப்பாவிடம் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை. "லிஃப்ட்ல கதவை மூடறதுக்குன்னு ஒரு பட்டன் இருக்கும், பார்த்திருக்கியா? நெறைய இடத்துல அதுக்கு வயரே கிடையாது. ஆனா அதை எடுத்துட்டா அன்னிக்கே கம்ப்ளைண்ட் வரும்" என்றார். எதற்கும் உதவாத ஒரு பச்சை விளக்கை அவரே இரண்டாவது விளக்குக்குப் பக்கத்தில் பொருத்தினார். இரண்டாவது விளக்கு எரியும்போது அதுவும் கூடவே எரிந்தது. துறைத் தலைவர் வந்து பார்த்து, "இப்பதான் மெஷின் மாதிரி இருக்கு" என்றார். செய்முறையில் முழு மதிப்பெண்.

எழுத்துத் தேர்வில் இருபது மதிப்பெண் கேள்வி அதுதான். ஃபியூஸ் ஐந்து படிகளை எழுதினாள். ஏன் ஐந்து என்று எழுதினாள். ஒரே கட்டளையை இரண்டாம் முறை புரிந்துகொள்வதால் விடை மாறாது, நேரம்தான் வீணாகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள். எழுதி முடித்தபோது ஏதோ ஒரு சுமையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

முப்பத்தெட்டு வந்தது. தேறுவதற்கு ஐம்பது.

கட்ட வேண்டிய கட்டணத்தைக் கட்டி, விடைத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தாள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் வட்டமிட்ட பூஜ்யம். பக்கத்தில் சின்னச் சின்ன உருண்டை எழுத்துகளில், "மூன்றாவது படி விடுபட்டுள்ளது." அந்த எழுத்து அவளுக்கு நன்றாகத் தெரியும். மெஷினைப் பற்றி அவள் எழுதிய திட்ட அறிக்கையின் வரைவைப் பக்கம் பக்கமாகத் திருத்திக் கொடுத்தது அதே எழுத்துதான். "நல்ல வாக்கியம்" என்று நான்கு இடங்களில் ஓரத்தில் சின்ன சார் எழுதியிருந்தார். அந்த வரைவை அவள் இன்னும் பத்திரமாக வைத்திருந்தாள்.

அழுகை வரவில்லை. ஒருவேளை யாராவது அவரைக் கட்டாயப்படுத்தியிருப்பார்கள் என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் கல்வி நேர்மைப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. பெற்றோருடன் வரவும்.

கல்வி நேர்மைப் பிரிவு மாடிப்படிக்கு அடியில் இருந்த ஓர் அறை. அதிகாரி அவளுடைய திட்ட அறிக்கையை மேஜை மேல் வைத்தார். பக்கத்தில் கல்லூரியின் ஆய்விதழ். "இரட்டைப் புரிதல்: செயலி வடிவமைப்பில் ஒரு புதிய அணுகுமுறை." ஆசிரியர்கள் இருவர், முதலில் துறைத் தலைவர், அடுத்துச் சின்ன சார்.

"உன் ரிப்போர்ட்ல தொண்ணூத்தொரு சதவீதம் இந்தக் கட்டுரையில இருக்கும்மா. சாஃப்ட்வேர் கண்டுபிடிச்சிருக்கு."

ஃபியூஸ் கட்டுரையைப் புரட்டினாள். அவள் வரைந்த படம். அவள் போட்ட அட்டவணை. நல்ல வாக்கியம் என்று பாராட்டப்பட்ட நான்கு வாக்கியங்களும் அப்படியே இருந்தன. ஐந்து என்று வந்த இடங்களில் மட்டும் ஆறு.

"இது நான் எழுதினது சார். அவர்கிட்ட திருத்தக் கொடுத்தேன்."

"தேதியைப் பாரு. கட்டுரை பன்னெண்டாம் தேதி. உன் ரிப்போர்ட் இருபத்தாறு. முன்னாடி வந்ததைப் பார்த்துப் பின்னாடி வந்ததை எழுதலாம். பின்னாடி வரப்போறதைப் பார்த்து முன்னாடி எழுத முடியுமா?"

"என் வரைவு அதுக்கு முன்னாடியே அவர்கிட்ட இருந்தது சார்."

"அப்போ உன் வரைவும் அவர்கிட்டதான் இருந்ததுன்னு நீயே ஒத்துக்கற." அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். "இந்தப் பிரிவு வந்து மூணு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரு ஆசிரியர் மேல கூட குற்றச்சாட்டு நிரூபணம் ஆனதில்ல. அவ்வளவு நேர்மையான கல்லூரி இது. கெடுத்துடாதே."

அப்பா அதுவரை ஆய்விதழில் இருந்த மெஷினின் புகைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், இந்த வயர் முடிச்செல்லாம் நான் போட்டது. நானும் அவரைப் பார்த்துத்தான் போட்டேனா?"

"முடிச்செல்லாம் சாஃப்ட்வேர்ல வராதுங்க. எழுத்து மட்டும்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "உங்களை அப்படியே விட்டுடல. இதோ பாருங்க, நன்றி சொல்லியிருக்காங்க."

கம்பி இணைப்பில் உதவிய மாணவிக்கு நன்றி, என்று இருந்தது. பெயர் இல்லை.

முடிவு அன்று மாலையே வந்தது. அவளுடைய செய்முறை மதிப்பெண் ரத்து. மெஷின் சான்றுப்பொருளாகத் துறையின் வசம் இருக்கும். ஆறு மாதம் கழித்து மறுதேர்வு எழுதலாம்.

அவள் நேரே சின்ன சாரின் அறைக்குப் போனாள். அவர் ஒளியவில்லை. நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"என்னைக் கெட்டவன்னு நினைக்கிறே" என்றார் அவர்.

"இன்னும் நினைக்கல சார். நீங்க சொல்லணும்னுதான் வந்தேன்."

"ஏழு வருஷமா ஒவ்வொரு ஜூன்லயும் கையெழுத்துக்கு நின்னிருக்கேன். போன வருஷம் ஒரு மாசம் லேட்டா வந்தது. அந்த மாசம் முழுக்க பேக்கை மாட்டிகிட்டு காலையில கிளம்பி பார்க்ல போய் உட்கார்ந்திருந்தேன், வீட்டுல தெரியக்கூடாதுன்னு. இந்த வருஷம் ஒரு கட்டுரை வந்தா நிரந்தரம்னு பெரிய சார் சொன்னார். ஆறு படிக்கு ஆதரவா வந்தா."

"என் பேரு?"

"அவர் பேரு எப்படியும் முதல்ல வரும். ரெண்டாவது பேரு வரைக்கும்தான் மதிப்பு. மூணாவது வந்தா எல்லாருக்கும் குறையும், விதி அப்படி."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேன் சார். முழுசா கொடுத்திருப்பேன்."

அவர் மேஜையின் மூலையைத் தடவிக்கொண்டிருந்தார். "தெரியும். கேட்டா நீ கொடுப்பேன்னு தெரியும். அப்புறம் உன் முகத்தைப் பார்த்துகிட்டே வாங்கியிருக்கணும்."

அவள் வெளியே வந்து, வராந்தாவில் இருந்த தண்ணீர்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. அவர் திட்டியிருந்தால் வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

மெஷின் கண்ணாடி அலமாரிக்குள் போனது. பழைய பச்சைப் பலகையை எடுத்துவிட்டு அதை வைத்தார்கள். மஞ்சள் கோட்டைப் புதிதாகப் பூசி மூன்றடிக்குத் தள்ளினார்கள். தரச்சான்று வழங்கும் குழு வரப்போகிறது என்று கல்லூரி முழுக்கச் சுண்ணாம்பு வாசனை.

குழு வந்த நாளில் ஃபியூஸை நூலகத்தில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். தேறாதவர்கள் கண்ணில் படக்கூடாது என்று ஏற்பாடு. பதினோரு மணிக்கு ஆய்வக உதவியாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சீக்கிரம் வா. பெரிய சார் கூப்பிடறார்."

குழுத் தலைவர் வயதான நிபுணர். கட்டுரையைப் படித்துவிட்டு வந்திருந்தார். ஆய்வகத்தில் மெஷினை ஓட விட்டுப் பார்த்திருக்கிறார். பச்சை விளக்கு எரிவதைப் பார்த்ததும், "அந்த மூணாவது படியை மட்டும் நிறுத்திக் காட்டுங்க. என்ன ஆகுதுன்னு பார்க்கணும்" என்று கேட்டுவிட்டார். சின்ன சார் மெஷினைத் திறந்தார். முன்னூறுக்கு மேல் கம்பிகள். பச்சை விளக்கின் கம்பி எந்தக் கட்டுக்குள் போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. வேறு எதையாவது பிடுங்கிவிட்டால் எல்லாம் நின்றுவிடும். பத்து நிமிடம் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஃபியூஸ் உள்ளே வந்தாள். சின்ன சார் விலகி வழிவிட்டார். அவர் சட்டை முதுகில் நனைந்திருந்தது. அவள் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய், முடிச்சுக்கு அடியில் விரலை விட்டு, ஒரு கம்பியை உருவினாள்.

பச்சை விளக்கு அணைந்தது. மற்ற ஐந்தும் வரிசையாக எரிந்துகொண்டே இருந்தன. கொஞ்ச நேரத்தில் ஐம்பத்துநான்கு வந்தது.

 துறைத் தலைவரின் வாய் லேசாகத் திறந்திருந்தது.  முடிந்துவிட்டது என்று ஃபியூஸ் நினைத்தாள். வெளியூரிலிருந்து வந்த, விஷயம் தெரிந்த ஒரு மனிதர் கண்ணால் பார்த்துவிட்டார். இனி யாரும் எதையும் மறைக்க முடியாது.

நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணாவது படி செயலிழந்த பிறகும் சரியான விடை" என்று மெதுவாகச் சொன்னார். "ஒரு பகுதி போனா இன்னொரு பகுதி தாங்கிப் பிடிக்குது. தவறு தாங்கும் திறன். நாப்பது வருஷ சர்வீஸ்ல மாணவர் ஆய்வகத்துல இதை நான் பார்த்ததே இல்ல."

துறைத் தலைவர் வாயை மூடிக்கொண்டார். பிறகு மறுபடி திறந்தார். "அதுக்காகத்தான் சார் ரெண்டாவது தடவை வெச்சதே. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கட்டும்னு."

"சார்" என்றாள் ஃபியூஸ். "அது வெறும் பல்பு. உள்ள எதுவும் இல்ல."

நிபுணர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். "அடக்கமான பொண்ணு. இந்த அடக்கத்தையும் நீங்களே சொல்லிக் கொடுக்கறீங்களா?"

"பாடத்திட்டத்துலயே இருக்கு சார்" என்றார் துறைத் தலைவர்.

ஃபியூஸ் சின்ன சாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த அறையில் உண்மை தெரிந்த இன்னொருவர் அவர்தான். அவரும் அவளைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது என்று பிற்பாடு அவள் அப்பாவிடம் சொன்னாள். அசையாமலும் இருந்திருக்கலாம் என்றும் சொன்னாள். பிறகு அவர் கைதட்ட ஆரம்பித்தார். அந்த அறையில் முதலில் கைதட்டியவர் அவர்தான்.

கல்லூரிக்கு மிக உயர்ந்த தரம் கிடைத்தது. வாசலில் பெரிய பலகை வைத்தார்கள். சின்ன சார் நிரந்தரமானார். எடுத்துப் போட்ட கம்பியை அப்படியே விட்டுவைத்து, "தவறு தாங்கும் நிலை" என்று அதற்கு ஒரு சீட்டு ஒட்டினார்கள். சோதனை நான்கு: அந்தக் கம்பியைப் பார்த்தல்.

அந்த ஆறு மாதமும் ஃபியூஸ் வீட்டில் பாடத்தைப் பற்றிப் பேசவில்லை. அப்பா ஒரு தடவை மட்டும் கேட்டார்.

"வேற மெஷின் கட்டலாமா பாப்பா? கம்பி இருக்கு."

"வேண்டாம்பா. மேஜையில சாப்பிடலாம்."

மறுதேர்வு ஒரு சிறிய அறையில் நடந்தது. பதினோரு பேர். மேற்பார்வைக்கு வந்தவர் சின்ன சார். கழுத்தில் புது அடையாள அட்டை. கேள்வித்தாளைக் கொடுக்கும்போது அவளருகில் ஒரு கணம் தயங்கி, பிறகு நகர்ந்துபோனார். முதல் கேள்வி: "கட்டளை நிறைவேற்றத்தின் ஆறு படிகளை விளக்கி, மூன்றாவது படியின் இன்றியமையாமையை நிறுவுக. இருபது மதிப்பெண்."

ஃபியூஸ் கேள்வியை ஒருமுறை படித்தாள். பேனாவின் மூடியைக் கழற்றி எழுதத் தொடங்கினாள். நிறுத்தாமல் எழுதினாள். ஸ்கேல் வைத்து ஆறு பெட்டிகள் வரைந்தாள். மூன்றாவது பெட்டிக்கு அடியில் இரண்டு கோடு போட்டாள். நீலப் புத்தகத்தின் மூன்று பத்திகளும் ஒரு சொல் மாறாமல் வந்தன. கடைசியில் ஆய்விதழ்க் கட்டுரையை மேற்கோள் காட்டி, இரண்டு ஆசிரியர்களின் பெயரையும் பிழையில்லாமல் எழுதினாள்.

நேரம் முடிவதற்கு முன்பே எழுந்து போய்த் தாளைக் கொடுத்தாள். சின்ன சார் அதை வாங்கிப் பக்கங்களைச் சரிபார்க்கத் திருப்பினார். முதல் பக்கத்திலேயே கை நின்றது. முழுவதும் படித்தார்.  மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்ததால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீயாவது உண்மையை எழுதியிருக்கலாமேம்மா."

"எழுதினேன் சார்" என்றாள் ஃபியூஸ். "போன தடவை."

ஸ்கேலையும் நுழைவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு அவள் வெளியே போனாள்.  அவர் அவளுடைய தாளை மேஜை மேலிருந்த மற்ற தாள்களுக்கு அடியில் செருகி வைத்தார்.